உழைப்பவருக்கும் ஓதுபவருக்கும் உடல் ஓர் அமானிதம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு மனிதர் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருப்பதைக் கண்டார்கள். அவர் யாரென விசாரித்தார்கள். அவர் பெயர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காருவதில்லை, நிழலுக்கு ஒதுங்குவதில்லை, எவரிடமும் பேசுவதில்லை, நோன்பு நோற்பது என்று நேர்ச்சை செய்திருக்கிறார் என்றும் தோழர்கள் தெரிவித்தார்கள். அவர் பேச வேண்டும், நிழலுக்கு வரவேண்டும், உட்கார வேண்டும், நோன்பை மட்டும் பூர்த்தி செய்யவேண்டும் என அவருக்கு அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஹலரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

நேர்ச்சையின் சட்டத்தை விளக்குமிடத்தில் உலமாப் பெருமக்கள் இந்த ஹதீஸை எடுத்துரைப்பார்கள். வணக்கமல்லாத ஒன்றை நேர்ந்துகொண்டால் அதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் சட்டம். இதனுள் இன்னொரு பாடமும் இருக்கிறது. வெயிலில் நிற்பதற்கென்றும் வாய்மூடிக் கிடப்பதற்கென்றும் அல்லாஹுத்தஆலாவிடம் தனிக் கூலி கிடையாது. உடலை வருத்துவது ஒன்றே வணக்கமாகிவிடாது.

அபூ இஸ்ராயீல் (ரலி) அவர்கள் விரும்பி மேற்கொண்டதை, நம் வீட்டு மக்கள் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வேறு வழியின்றி மேற்கொண்டிருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் மகன், வளைகுடா நாட்டில் கட்டிட வேலை செய்யும் குடும்பத் தலைவர், உடலின் தேவையையும் உள்ளத்தின் வேதனையையும் வெளியே சொல்லாத மாணவி ஆகியோரை நாம் “பொறுமைசாலி” என்று பாராட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்த நான்கு கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவை நம் வாழ்க்கையில் எங்கே பொருந்துகின்றன என்பதைப் பார்ப்போம்.

1. உட்கார வேண்டும்

காலுக்கு இறங்கும் இரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏறிச்செல்ல வேண்டும். அதை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போதும் காலை மடக்கி நீட்டும்போதும் அந்தச் சதை இரத்தக் குழாயை அழுத்துகிறது. ஏறிய இரத்தம் திரும்ப இறங்கிவிடாதபடி குழாய்களுக்குள் சிறுசிறு தடுப்புகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் சதை வேலை செய்வதில்லை; இரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்தத் தடுப்புகள் தளர்ந்து, நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்கிறது. இதையே நரம்புச் சுருட்டல், வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். மாலையில் கால் கனப்பதும் வீங்குவதும் முதல் அறிகுறி. கணுக்காலின் உட்புறம் தோல் கறுப்பதும், ஆறாத புண் வருவதும் முற்றிய நிலை. இந்நிலைக்கு வரும்வரை வைத்தியரிடம் போகாமலிருப்பது பெருந்தவறு.

கடைத்தொழிலாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரள மாநிலம் 2018ல் சட்டம் செய்தது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தருவது முதலாளியின் கடமையாக்கப்பட்டது. ஆகவே வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவது ஊழியரின் உரிமை. அதை முதலாளியின் தயவு என்று எண்ணவேண்டியதில்லை.

நம்மில் கடை வைத்திருப்போர் அனேகம். அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஹலரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் துன்பப்பட்டபோது, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். படைத்தவனின் சந்நிதியிலேயே இயலாதவருக்கு இருக்கை உண்டு. அப்படியிருக்க, வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் பணியாளை நிற்கவைக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

உட்கார்ந்தே வேலை செய்வோருக்கு இக்கட்டளையின் கருத்து எழுந்து நிற்பதில் இருக்கிறது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் உடன்பிறந்தவைபோல் ஆகிவிட்டன. அத்துடன் புகையிலைத் தூளும் மூச்சில் போகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும், கையைச் சோப்பால் கழுவாமல் குழந்தையைத் தொடாதிருப்பதும், புகையிலையைச் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் தூரமாக வைப்பதும் காசு செலவில்லாத காப்புகள்.

2. நிழலுக்கு வரவேண்டும்

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமேயன்றி ஆவியாகாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கடலோர வளைகுடா நகரங்களின் கோடை இத்தகையது. இந்த வெப்பத்தின் தீங்கு எவ்வளவு பெரிது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024ல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. உலகில் 240 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்றும், அதனால் ஆண்டுக்கு 18,970 பேர் இறக்கிறார்கள் என்றும், வேலையிடத்து வெப்பத்தால் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளானோர் 2 கோடியே 62 லட்சம் பேர் என்றும் அது மதிப்பிடுகிறது. தண்ணீர் குடிக்காமல் நாள்தோறும் வெயிலில் உழைப்பவருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகிறது. அது பாதிக்குமேல் கெட்ட பிறகே வெளியே தெரியும்.

இதை உணர்ந்தே வளைகுடா அரசுகள் நண்பகல் வேலைக்குத் தடை விதித்திருக்கின்றன. சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரையிலும், ஐக்கிய அரபு அமீரகத்தில் அதே நாட்களில் 12.30 முதல் 3 மணி வரையிலும், குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 11 முதல் 4 மணி வரையிலும் திறந்தவெளி வேலை கூடாது. கத்தாரில் 2021ல் வந்த ஆணைப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை தடை உண்டு. வெயிலும் ஈரமும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 பாகையைத் தாண்டினால் நேரம் எதுவானாலும் வேலையை நிறுத்தவேண்டும். பயணம் புறப்படும் மகனுக்குப் பெட்டியில் ஊறுகாய் வைக்கும் உம்மாமார்கள், இந்த நேரக்கணக்கையும் ஒரு தாளில் எழுதி வைத்து அனுப்புவது நன்று.

புதிதாகப் போகிறவருக்கு ஆபத்து அதிகம். உடல் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். விடுமுறைக்கு ஊர் வந்து திரும்புகிறவரும் இதில் புதியவரே. முதல்நாளிலேயே பழைய ஆளுக்கு ஈடாக மூட்டை தூக்கித் தம் வீரத்தைக் காட்ட முனையக்கூடாது. வெயில் வேலையில் கால்மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது முறை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாகாது. ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகவேண்டாம். சிறுநீர் வைக்கோல் நிறமாக இருந்தால் போதிய தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அறியலாம்.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை எச்சரிக்கை. அப்போதே வேலையை விட்டு நிழலில் படுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசல் பருகவேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். பேச்சுக் குழறுவதும், புத்தி தடுமாறுவதும், நினைவு தப்புவதும் ஹீட் ஸ்ட்ரோக் எனும் கடும் வெப்பத்தாக்கின் அடையாளங்கள். இது உயிருக்கு ஆபத்து. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே உடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறவேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் 1,300 பேருக்கு மேல் மௌத்தானதை நாம் அறிவோம். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றிச் சென்று, தங்குமிடமும் நிழலும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு தெரிவித்தது. புனித மண்ணிலும் வெயில் வெயில்தான். அதிலிருந்து தப்ப நிழலும் தண்ணீருமே அல்லாஹ் வைத்த சபபுகள்.

3. பேச வேண்டும்

பள்ளிக்கூடத்துக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, காய்ச்சல் எனத் தொடங்கி, கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறும். தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கத்தைக் கேரளப் பள்ளிகள் 2019லும், தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2025லும் ஏற்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழிப்பறை சீராக இல்லாதவரை பிள்ளைகள் மணி அடித்தாலும் குடிக்கமாட்டார்கள். மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தொழுகைக்கே அப்படியென்றால் பாடவேளைக்கு எப்படி? “அம்மா, எனக்கு எரிகிறது” என்று சொல்லப் பெண்பிள்ளைக்கு வாய் வரவேண்டும். சொன்னால் ஏசமாட்டார்கள் என்ற நம்பிக்கையை உம்மா தரவேண்டும்.

மதரஸாக்களிலும் விடுதிகளிலும் தங்கி ஓதும் பிள்ளைகளிடையே சொறி எளிதில் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது இது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு மிகும். வெட்கத்தால் ஒரு பிள்ளை மறைத்தால் முழு அறைக்கும் வந்துவிடும். வைத்தியர் தரும் பூச்சுமருந்தைக் கழுத்திலிருந்து பாதம் வரை, அறையிலுள்ள அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே இரவில் பூசவேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் சுடுநீரில் அலசி வெயிலில் உலர்த்தவேண்டும். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

உடல் நோயைவிட மறைக்கப்படுவது உள்ளத்தின் நோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாக அரசின் குற்றப்பதிவுக் கணக்கு கூறுகிறது. அது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹராம் என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிட்டதா? சரியாக உறங்காமை, பசியின்மை, பிரியமானவற்றில் நாட்டம் போய்விடுதல், தனித்துக் கிடத்தல், “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய். பிள்ளையின் ஈமான் குறைந்துவிட்டது என்று ஏசுவதால் அது தீராது. ஹலரத் யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுதழுது கண்பார்வை மங்கியதைத் திருமறை கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் செல்வமகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். துக்கம் வருவது ஈமானுக்கு முரணானதல்ல. வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் எனும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416ல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

படிக்கும் பருவத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கு எட்டு மணிநேரமாவது உறக்கம் தேவை. பகலில் படித்தது மனத்தில் பதிவது உறக்கத்திலேதான். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை அறிந்த நாம், நள்ளிரவு வரை பிள்ளையின் கையில் போனை விட்டுவைக்கலாமா?

4. நோன்பைப் பூர்த்தி செய்யவேண்டும்

மற்ற மூன்றையும் நீக்கிய நபி (ஸல்) அவர்கள் நோன்பை நீக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடல்நலத்தின் பெயரால் வணக்கத்தைக் கைவிட இங்கே இடமில்லை. அதேவேளையில் நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையைத் தந்தவனும் அதே அல்லாஹ்தான். கடும் உழைப்பாளி ஸஹர் செய்து, நிய்யத் வைத்து நோன்பைத் தொடங்கவேண்டும். பகலில் தாங்கமுடியாத நிலை வந்து உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேருமென்றால் முறித்துவிட்டு, பின்னர் களாச் செய்யவேண்டும் என்று இமாம்கள் விளக்கியுள்ளனர். உங்கள் நிலையை ஊர் ஆலிமிடம் எடுத்துச் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

நீரிழிவுக்காரர் ரமலான் வருமுன்பே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது அவசியம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. அப்போதும் பிடிவாதமாகத் தொடர்வதைத் தக்வா என எண்ணலாகாது.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்யச் சலுகை இல்லையென்று உடன் சென்றவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்து, அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். ஹலரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வரும் இந்நிகழ்ச்சி, பிறர் உடம்பின்மீது நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்வதற்குப் போதிய எச்சரிக்கை.

நாம் செய்யவேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வரும் போனில் பணம் அனுப்பியாயிற்றா என்று கேட்குமுன், “இன்று தண்ணீர் குடித்தீர்களா, மதியம் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கமாகட்டும். ஊர் திரும்பியவருக்கு விருந்து வைப்பதோடு, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நலம் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். முதலாளிமார்கள் தம் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை இருக்கைகள் இருக்கின்றன என்பதை இன்றே எண்ணிப் பார்க்கட்டும். பணியாளர்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக்கூடாது, ஏற்ற நேர்ந்தால் தாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசலின் வாசலில் கோடை முழுவதும் வழிப்போக்கருக்குக் குடிநீர் வைப்பதோடு, மதரஸாவின் கழிப்பறையையும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில், இந்த உடலை எதிலே தேய்த்தாய் என்பதும் ஒன்று. நம் பொறுப்பிலுள்ளோரின் உடலைப் பற்றியும் பதில் சொல்லவேண்டியவர்களே நாம். உழைக்கும் நம் சகோதரர்களுக்கும் ஓதும் நம் மக்களுக்கும் அல்லாஹுத்தஆலா பூரண ஆஃபியத்தைத் தந்து, அவர்களுடைய ஹக்கை அறிந்து நடக்க நமக்கெல்லாம் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.